நோயாளியின் கையில் ஒரு முனை

மறைத்து மறைத்தே மாண்பு வளர்த்த மாதரசியே! போர்த்திப் போர்த்தியே பேரெடுத்த பெருந்தகையே! தலையணை ஒன்றால் தண்டுவடம் தாங்கியவரே, துணிமடிப்பு ஒன்றால் தன்மானம் காத்தவரே, சுருக்கமே இல்லாத படுக்கைக்கும் சுருக்கென்று தைக்கும் சொல்லுக்கும் ஒருசேரச் சொந்தக்காரரே! இன்று மாலையோடு சீருடையை மடித்து வைத்துவிட்டு வீடு திரும்பும் எங்கள் தலைமைச் செவிலியரே, எங்கள் எல்லாருக்கும் அக்காவே! பெண்கள் அறுவைச் சிகிச்சை வார்டின் செவிலியர்களும், ஆயாக்களும், வாசல் காவலாளியும், அழைக்காமலே வந்து கடைசி வரிசையில் நிற்கும் எக்ஸ்ரே அறைக்காரரும் ஒன்றாகக் கூடி, உங்களை வணங்கி வாசிக்கும் மடல் இது.

வாசிக்கும் முன் ஒரு முறைமை உண்டு. இந்தத் தாளின் கீழ்முனையை உங்கள் விரல்களுக்கு இடையில் கொடுத்திருக்கிறோம். ஏன் என்பது உங்களுக்குத் தெரியும். வந்திருக்கும் விருந்தினர்களுக்குப் போகப்போகத் தெரியும். எந்த வரி உங்களுக்குப் பிடிக்கவில்லையோ அந்த வரியில் ஓர் இழுப்பு இழுங்கள். வாசிப்பு அங்கேயே நின்றுவிடும். நகல் எடுத்து எங்கேயாவது ஒளித்து வைத்திருப்போம் என்று நீங்கள் இப்போது முறைப்பது தெரிகிறது. இல்லை அக்கா. இருப்பது இந்த ஒரு தாள்தான்.

இதை எழுதும் பொறுப்பு, வார்டு முழுக்க "ரேடியோ" என்று பெயர் வாங்கியிருக்கும் நம் சகோதரியின் தலையில் விழுந்தது. விழுந்ததற்குக் காரணம் உண்டு. மருந்துக் கடைக்காரரின் மைத்துனிக்கு வந்த வரன் ஏன் திரும்பிப் போனது, எக்ஸ்ரே அறைக்காரர் தலைக்குச் சாயம் பூசுவது எந்தக் கிழமை, சமையற்கட்டில் யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, ஏன் இல்லை, யார் முதலில் நிறுத்தினார்கள் என்பதெல்லாம் அவர் நாக்கின் நுனியில் நிற்கும். அப்பேர்ப்பட்டவர் உங்கள் தெருவிலேயே, உங்கள் வீட்டுக்கு நேர் எதிர் மாடியில் குடியிருக்கிறார். காய்ந்த துணியையே மறுபடி காயப்போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் மணிக்கணக்காக நின்றும் இருக்கிறார். அத்தனை உழைப்புக்கும் அவருக்குக் கிடைத்தவை, நீங்கள் சர்க்கரை போடாத தேநீர் குடிக்கிறீர்கள் என்பதும், உங்கள் கணவர் பேருந்து நடத்துநர் என்பதும், விளக்கு வைத்ததும் உங்கள் வீட்டு ஜன்னல் திரை இழுத்து மூடப்படும் என்பதும்தான். திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதை அவர் அறிந்ததில்லை. "இவங்ககிட்ட இருந்து ஒரு சேதி கறக்கிறதுக்குப் பாறையில பால் கறக்கலாம்" என்று அவரே கைகழுவிய ஒரே வீடு உங்களுடையது.

திறப்பதே தொழிலாகக் கொண்ட எங்கள் ரேடியோவும், மூடுவதே தொழிலாகக் கொண்ட நீங்களும் ஒரே வார்டில் இத்தனை காலம் வேலை பார்த்தது உலக அதிசயங்களில் சேர்க்கத் தக்கது.

மூடுவது என்று சொன்னோம். ஒரு துணியை எடுத்து மேலே போடுவதில் என்ன பெரிய வித்தை என்று கேட்பவர்கள், நீங்கள் ஒரு போர்வையை உதறும் ஓசையைக் கேட்டிராதவர்கள். மற்றவர்கள் உதறினால் அது துணி படபடக்கும் ஓசை. நீங்கள் உதறினால் படுத்திருப்பவர் ஒரு பெருமூச்சு விடுவார். அந்த ஓசை மட்டும்தான் கேட்கும். பட்டம் போலக் குறுக்காக அதை விரிப்பீர்கள். மேல்முனை நெஞ்சில் அமரும். பக்கத்து முனைகள் இரண்டும் ஆளுக்கொரு காலைச் சுற்றிப் பாதத்தின் அடியில் அடங்கும். கீழ்முனை மட்டும் சும்மா தொங்கும். மருத்துவர் வந்த பிறகு தேவையான அளவுக்கு அது மட்டும் மேலேறும், வேலை முடிந்த நொடியில் இறங்கும். அடியில் இருந்த பழைய விரிப்பு எப்போது உருவப்பட்டது, மேலே இருந்தது எப்போது மாற்றப்பட்டது என்று படுத்திருப்பவருக்கே தெரியாது. அலை வந்து மணலை மாற்றிவிட்டுப் போவது போல அது நடக்கும். பார்த்துக்கொண்டு நின்ற நாங்கள் வாய்பிளந்து நிற்போம். "வாயை மூடு, ஈ போகும். அந்தத் தலையணையை எடு" என்பீர்கள்.

தலையணை விஷயத்தில் உங்கள் கண்டிப்பு ஊரறிந்தது. ஒருக்களித்துப் படுத்தவரின் முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. முதுகு சரியாமல் இருக்கப் பின்னால் ஒன்று. மேல்கை தொங்காமல் தாங்க முன்னால் ஒன்று. மல்லாந்து படுத்தவரின் குதிகால் மெத்தையைத் தொட்டுவிட்டால் போச்சு! "குதிகாலுக்கு வாய் கிடையாது, அது புண்ணாகித்தான் பேசும்" என்று நீங்கள் சொல்லாத நாளில்லை. கட்டிலின் தலைமாட்டை எவ்வளவு உயர்த்தினால் மூச்சுத் திணறுபவருக்கு மூச்சு வரும் என்பதை, அவர் தோளைப் பார்த்தே கண்டுகொள்வீர்கள். வெளிநோயாளிகள் பகுதியில் நாற்காலியில் கோணலாக உட்கார்ந்திருக்கும் அந்நியரைக்கூட, போகிற போக்கில் இடுப்பைப் பிடித்து நிமிர்த்திவிட்டுப் போவீர்கள். அவர்கள் திகைத்துப்போய் "யார் இவங்க?" என்று கேட்பதும், காவலாளி பெருமையோடு "எங்க அக்கா" என்று சொல்வதும் வழக்கம்.

ஆனால் உங்கள் வித்தையின் உயிர் இதிலெல்லாம் இல்லை. அது அந்த மேல்முனையில் இருந்தது.

சந்தையில் மீன் விற்கும் அம்மா ஒருவர் வந்தாரே, நினைவிருக்கிறதா? அவர் தொண்டையைக் கேட்டு ஆம்புலன்ஸ் ஓட்டுநரே வண்டியை ஓரம் கட்டியதாகப் பேச்சு. பரிசோதனை அறைக்குள் நுழைந்ததும், "என்னை எவளும் தொடக்கூடாது! பெத்த பொண்ணுகிட்டகூடக் காட்டினதில்ல!" என்று சுவர் அதிரக் கத்தினார். நாங்கள் நாலா பக்கமும் நின்று சமாதானம் பேசினோம். நீங்கள் எங்களை எல்லாம் திரைக்கு வெளியே துரத்திவிட்டு, போர்வையின் மேல்முனையை அவர் கையில் வைத்தீர்கள்.

"இது உங்ககிட்ட இருக்கட்டும்மா. நீங்க இழுத்தா நான் நிறுத்திடுவேன். டாக்டர் கேட்டாலும் சரி, அவரோட டாக்டர் கேட்டாலும் சரி."

"நிஜமாவா?"

"இழுத்துத்தான் பாருங்களேன்."

அவர் இழுத்துப் பார்த்தார். நீங்கள் கையெடுத்துவிட்டு நின்றீர்கள். மறுபடி இழுத்துப் பார்த்தார். மறுபடி நின்றீர்கள். சோதித்துத் திருப்தி அடைந்து, தராசைப் பிடிப்பது போல அந்த முனையைப் பிடித்துக்கொண்டு படுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இந்தாம்மா, போர்வையை எப்ப எடுப்பீங்க? சீக்கிரம் எடுத்துத் தொலைங்க" என்றார்.

"எடுக்கிறதே இல்ல. வேலை முடிஞ்சுது, எழுந்திரிங்க" என்றீர்கள்.

அதற்குப் பிறகு அவர் சந்தையில் உங்களைப் பற்றி ஒலிபரப்பியதைக் கேட்டு எங்கள் ரேடியோவே வெட்கிப்போனார்.

இன்னொரு நாளையும் சொல்லத்தான் வேண்டும். படுக்கையிலேயே உயிர் பிரிந்துவிட்ட ஒரு முதிய பெண்மணியை நீங்கள் சுத்தம் செய்துகொண்டிருந்தீர்கள். சுற்றிலும் திரை. மேலே போர்வை. ஒரு கையைத் துடைத்து மூடிவிட்டு மறுகையைத் திறந்தீர்கள். ஒரு காலைத் துடைத்து மூடிவிட்டு மறுகாலைத் திறந்தீர்கள். உயிரோடு இருப்பவருக்குச் செய்வது போலவே செய்தீர்கள். மேல்முனையை அந்தக் குளிர்ந்த விரல்களுக்குள்ளும் வைத்திருந்தீர்கள். உதவிக்கு நின்ற ரேடியோவுக்குப் பொறுக்கவில்லை. "போனவங்களுக்கு என்னக்கா வெட்கம்?" என்று கேட்டுவிட்டார்.

"அவங்களுக்கு இல்ல. எனக்கு இருக்கு" என்றீர்கள்.

அன்று மாலை ரேடியோ யாரோடும் பேசாமல் வீட்டுக்குப் போனார். உடம்புக்கு என்னவோ என்று ஊரே விசாரித்தது.

இனி உங்கள் குறையையும் சொல்லிவிடுகிறோம். குறை சொல்லாத பாராட்டு உப்பில்லாப் பண்டம். குறை இதுதான்: உங்களைத் தவிர இந்த வேலை உலகில் யாருக்கும் தெரியாது என்று நினைத்தீர்கள். யார் போர்த்தினாலும் அருகில் வந்து, ஒரு பார்வை பார்த்து, துணியைப் பிடுங்கி, முதலிலிருந்து தொடங்குவீர்கள். அதிகம் பிடுங்கப்பட்டவர் நம் ஒல்லி சிஸ்டர். கையில் வேலை சுத்தம், வாயில் வார்த்தை பஞ்சம். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அழகாகப் போர்த்தி முடிப்பார். நீங்கள் வருவீர்கள். "இது என்ன மடிப்பு? இந்தச் சந்துல ஒரு யானை எட்டிப் பார்க்குமே!" என்பீர்கள். போர்வை பறக்கும். எங்கள் சர்ஜன் ஐயாகூட உங்களைக் கேட்காமல் ஒரு நூல் துணியை விலக்கியதில்லை. "இந்த வார்டுல ஜன்னலைத் திறக்கிறதுக்கே அக்காகிட்ட அனுமதி வாங்கணும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுவார். நாங்களும் சிரிப்போம். ஒல்லி சிஸ்டர் மட்டும் சிரிக்க மாட்டார்.

இப்போது அந்தக் கதைக்கு வருகிறோம்.

உங்கள் கை தாளின் முனையில் இறுகுவது தெரிகிறது. நீங்களே அனுமதி தந்தீர்கள் அக்கா, ஞாபகப்படுத்துகிறோம். "வேலைக்கு வேணும்கிற அளவு திற. அதுக்கு மேல ஒரு விரற்கடை திறந்தாலும் தாளைக் கிழிச்சுடுவேன்" என்றீர்கள். அந்த அளவுக்குத்தான் திறக்கிறோம்.

சென்ற ஆண்டு, மழை பிடித்துக்கொண்ட ஒரு காலைப்பொழுது. உங்களுக்கு ஏதோ சரியில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தது ரேடியோ. அறிகுறி என்ன என்றால், வேலைக்கு வந்ததிலிருந்து நீங்கள் யாரையும் திட்டவில்லை. ஒல்லி சிஸ்டர் ஒரு போர்வையை முழுதாகப் போர்த்தி முடித்தும் நீங்கள் பிடுங்கவில்லை. இது சாதாரணக் காய்ச்சல் இல்லை என்று ரேடியோ தீர்மானித்து, தட்டு வாங்கும் சாக்கில் உங்கள் கையைத் தொட்டார். அடுப்பாய்க் கொதித்தது.

"அக்கா, உடம்பு சுடுதே?"

"வெயில்."

வெளியே கொட்டுகொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது.

பிறகு நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்கக் குனிந்தவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றீர்கள். சர்ஜன் ஐயா ஓடி வந்தார்.

"ஒரு கட்டி டாக்டர். மாத்திரை எழுதிக் கொடுத்துடுங்க."

"எங்கம்மா?"

"எழுதிக் கொடுங்க."

"எங்கன்னு தெரியாம வைத்தியம் பார்க்க, நான் என்ன தபால்லயா வைத்தியம் பார்க்கிறேன்?"

அறைக் கதவு சாத்தப்பட்டது. எங்கே என்று அவரிடம் மட்டும் சொன்னீர்கள். இரத்தம் எடுக்கப்பட்டது, சர்க்கரை தாறுமாறாக ஏறியிருந்தது. அதற்கு மேல் சர்ஜன் ஐயா வேடிக்கை பேசவில்லை. "உள்ள சீழ் நிறைய இருக்கு. சர்க்கரை இப்படி இருக்கும்போது அது காத்திருக்காது. இன்னிக்கே திறந்து எடுக்கணும். நாளைக்குன்னா ரத்தத்துல ஏறிடும். அப்புறம் என் கையில எதுவும் இல்ல" என்றார்.

"எடுக்கலாம். ஆனா இங்க வேண்டாம். நான் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்றீர்கள்.

பக்கத்து ஊர் என்றால் பேருந்தில் பாதிப் பகல். போகும் வழியில் ஆறு பெருகி இருந்தது. சொல்லி அனுப்பியதும் உங்கள் கணவர், எங்கள் கண்டக்டர் மாமா, கழுத்தில் விசில் தொங்க, நனைந்த சட்டையோடு ஓடி வந்தார். பேருந்து நிறையக் கூட்டத்தை ஒரு குரலில் நகர்த்துபவருக்கு உங்களை நகர்த்த முடியவில்லை.

"எந்த பஸ்ஸுல போவே? என் பஸ்ஸுலயா? உனக்கு டிக்கெட் கிடையாது."

"வேற பஸ் இருக்கு."

"அதுல இருக்கிறவனும் என் சிநேகிதன்தான். அவனும் தரமாட்டான்." பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "வீட்லயும் இப்படித்தான். ஜன்னல் திரையை இழுத்துட்டுத்தான் பல்லே தேய்ப்பா" என்றார். சிரிக்க வைக்கப் பார்த்தார். அவர் குரல் உடைந்துவிட்டது.

அப்போது நீங்கள் அவரிடம் தணிந்த குரலில் ஒன்று சொன்னீர்கள். கதவுக்கு வெளியே ரேடியோ மருந்துத் தட்டு துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துடைத்து வைத்த தட்டுதான். அதனால் அது எங்கள் எல்லார் காதிலும் விழுந்துவிட்டது.

"கத்திக்குப் பயம் இல்லைங்க. இங்க வர்ற ஒவ்வொருத்தியையும் நானே மூடினேன். என்னை மூட இங்க யார் இருக்கா?"

ஆறாத சொல்தான், ஆனாலும் எப்படி மறுப்பது? எங்களை நம்பும்படி நீங்கள் எங்களை ஒருநாளும் விட்டதில்லையே. உங்கள் உயிர் ஒரு நாள் தவணையில் நின்றது. அதைத் தடுத்து நின்றதோ நாங்கள் ஒருநாளும் முழுதாகப் போர்த்தி முடிக்காத ஒரு போர்வை.

அந்த நேரத்தில் ஒல்லி சிஸ்டர் எழுந்து போனார். அலமாரியிலிருந்து சலவை மணம் மாறாத ஒரு போர்வையை எடுத்துவந்தார். கெஞ்சவில்லை, அழவில்லை. உங்கள் முன்னால் நின்று, ஒரு முனையை இழுத்து உங்கள் கையில் வைத்தார்.

"முனை உங்ககிட்ட இருக்குக்கா. நீங்க இழுத்தா நாங்க எல்லாரும் வெளிய போயிடுறோம். டாக்டரும்."

"நானுமா?" என்றார் சர்ஜன் ஐயா.

"நீங்கதான் முதல்ல."

நீங்கள் அவரையே பார்த்தீர்கள். பிறகு கையிலிருந்த முனையைப் பார்த்தீர்கள். மீன்கார அம்மாவைப் போல ஓர் இழுப்பு இழுத்தும் பார்த்தீர்கள். ஒல்லி சிஸ்டர் கையை எடுத்துவிட்டு அசையாமல் நின்றார். "சரி, வா. யானை எட்டிப் பார்த்துச்சு, அப்புறம் இருக்கு உனக்கு" என்று எழுந்தீர்கள். கண்டக்டர் மாமா சுவரோரம் திரும்பி நின்று விசிலைத் துடைத்துக்கொண்டார்.

சிறு அறுவைக்கூடத்தில் நீங்கள் எந்தப் பக்கமாகப் படுத்தீர்கள் என்பது இந்த மடலுக்கு வேண்டாத விவரம். தலையணைகள் எங்கெங்கே போயின என்பதும் அப்படியே. குதிகால் மெத்தையைத் தொடவில்லை, அதுவரைக்கும் சொல்லலாம். ஒல்லி சிஸ்டர் போர்வையை உதறினார். படபடப்பு கேட்கவில்லை. ஒரு பெருமூச்சு கேட்டது. அது உங்களுடையதா, எங்களுடையதா என்று இன்றுவரை தகராறு.

மரத்துப்போக ஊசி போட்டாயிற்று. கத்தி கைக்கு வந்தாயிற்று. அறையின் பெரிய விளக்குக்குக் கழுத்து தொங்கிப்போயிருந்ததால், கைவிளக்கைப் பிடிக்கும் வேலை ரேடியோவுக்கு வாய்த்தது. அப்போதுதான் நாங்கள் அந்த மகத்தான முட்டாள்தனத்தைச் செய்தோம். உங்கள் மேல் வைத்த மரியாதையின் பாரம் தாங்காமல், சொல்லிவைத்தாற்போல் அத்தனை பேரும் கண்ணை இறுக மூடிக்கொண்டோம். ஆயா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். கத்தரியை நீட்ட வேண்டியவர் அதைக் காற்றுக்கு நீட்டினார். துணியைத் தூக்கிப் பிடித்திருந்த ஒல்லி சிஸ்டர் முகத்தைத் தோளுக்குள் புதைத்துக்கொண்டார். ரேடியோ விளக்கை உயரத் தூக்கி, மூடிய கண்களோடு பக்தியாக நின்றார்.

"யம்மா, ஆபரேஷன் சுவர்க் கடிகாரத்துக்கா?" என்றார் சர்ஜன் ஐயா. "கண்ணைத் திறங்க, வெளிச்சம் முழுக்க அங்கதான் இருக்கு."

யாரும் கண்ணைத் திறக்கவில்லை. போர்வைக்கு உள்ளிருந்து உங்கள் குரல் வந்தது.

"அறிவு இருக்கா உங்களுக்கெல்லாம்? கண்ணை மூடுங்கன்னு யார்கிட்டயாவது நான் சொன்னேனா?"

"உங்களைப் போய் எப்படிக்கா பார்க்கிறது..." என்று ரேடியோ இழுத்தார்.

"என்னை யாருடி பார்க்கச் சொன்னா? வேலை செய்ற இடத்தைப் பாரு. கண்ணை நல்லாத் திறந்து பாரு. அதைப் பார்க்கிறதுக்காகத்தான் மத்ததை எல்லாம் மூடி வச்சிருக்கு. உள்ளங்கை அளவு இடத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாதவ, எதுக்கு இந்த வேலைக்கு வந்தே?"

கண்களைத் திறந்தோம் அக்கா. இத்தனை காலம் உங்கள் பக்கத்தில் நின்றும், அன்றுதான் முழுதாகத் திறந்தோம். மறைப்பது பார்க்காமல் இருப்பதற்கு அல்ல, பார்க்க வேண்டியதை மட்டும் நேராகப் பார்ப்பதற்கு என்பது அப்போது புரிந்தது. வெள்ளைத் துணிக்கு நடுவே உள்ளங்கை அளவு இடம். அதைச் சுற்றி ஒரு நூல் பிசகவில்லை. விளக்கு நேராக வந்தது, கத்தரி கைக்கு வந்தது. சர்ஜன் ஐயா திறந்தார், வடித்தார், கழுவினார், புண்ணுக்குள் மருந்துத் திரி வைத்தார். வலித்திருக்கும்; ஊசி எட்டாத ஆழம் என்று அவரே பின்னால் சொன்னார். உங்கள் கையில் இருந்த முனை கசங்கி ஈரமாகிவிட்டது. ஆனாலும் நீங்கள் இழுக்கவில்லை.

பாதியில் நீங்கள் ஒன்று செய்தீர்கள். மூடியிருந்த விரல்களைத் திறந்து, அந்த முனையை ஒல்லி சிஸ்டர் பக்கமாக நீட்டினீர்கள்.

"இந்தா, நீயே பிடிச்சுக்கோ. எனக்குக் கை வலிக்குது."

கை வலிக்கவில்லை என்பது அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். ஒல்லி சிஸ்டர் வாங்கிக்கொண்டார். அவர் முகக்கவசம் நனைந்துபோயிற்று.

வேலை முடிந்து கதவு திறந்ததும் ஆஸ்பத்திரியே அங்கே கூடியிருந்தது. பக்கத்து வார்டு, மருந்துக் கடை, சமையற்கட்டு, எக்ஸ்ரே அறை. அக்கா பிழைத்தார் என்று கேட்டதும் ஒரு நிம்மதி; நிம்மதி வந்த அடுத்த மூச்சிலேயே ஆர்வம். எல்லாரும் ரேடியோவைச் சூழ்ந்துகொண்டார்கள். எக்ஸ்ரே அறைக்காரர்தான் முந்திக்கொண்டார்.

"நீதானே விளக்குப் பிடிச்சே? சொல்லு சொல்லு. எங்க கட்டி? பெருசா? என்ன பார்த்தே?"

ரேடியோ வாயைத் திறந்தார். கூட்டம் மூச்சடக்கியது. வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த சேதி அது. எதிர் மாடியில் நின்று கால் கடுத்தவருக்கு, திரைக்கு உள்ளேயே நின்று கிடைத்த சேதி.

"துணியைப் பார்த்தேன்" என்றார். "வெள்ளைத் துணி. நல்லா வெளுத்திருந்தாங்க."

அவ்வளவுதான். அன்றும் அவ்வளவுதான், இன்றும் அவ்வளவுதான். எக்ஸ்ரே அறைக்காரர் தேநீர் வாங்கிக் கொடுத்துக் கேட்டுப் பார்த்தார், கோபித்துக்கொண்டு கேட்டுப் பார்த்தார்; இந்த விழாவுக்கு அழைக்காமலே வந்து நிற்பதும், இந்த மடலிலாவது வராதா என்ற ஆசையில்தான். ஐயா, வராது. வீட்டுக்குப் போங்கள்.

அக்கா, ரேடியோவை வாயடைக்கச் செய்த மருந்து இந்த ஊரில் எந்தக் கடையிலும் கிடையாது. மிரட்டலால் ஆகாதது, கெஞ்சலால் ஆகாதது, ஒரு போர்வையால் ஆனது. உங்கள் பணியைப் புகழ எங்களிடம் இதைவிடப் பெரிய சொல் இல்லை. இருந்தால் ரேடியோ எப்போதோ சொல்லியிருப்பார்.

புண் ஆறும்வரை ஒல்லி சிஸ்டர்தான் நாள்தோறும் கட்டு மாற்றினார். ஒரு நாளும் நீங்கள் துணியைப் பிடுங்கவில்லை. உடம்பு தேறி நீங்கள் வேலைக்குத் திரும்பிய அன்று, புதிதாக ஒரு பெண் பயந்து நடுங்கி வந்தார். வழக்கம்போல நீங்கள் உள்ளே போவீர்கள் என்று எல்லாரும் வழிவிட்டோம். நீங்கள் தட்டை எடுத்து ஒல்லி சிஸ்டர் கையில் கொடுத்துவிட்டு, திரையை இழுத்து மூடி, வெளியே நின்றீர்கள். வாழ்நாளில் முதன்முறையாக வெளியே. உள்ளே துணி உதறும் ஓசை இல்லை. ஒரு பெருமூச்சு மட்டும். வேலை முடிந்து திரை விலகியதும் எட்டிப் பார்த்து, மூக்கைச் சுளித்து, குறை தேடி, கிடைக்காமல், "ம். யானை ஒண்ணும் எட்டிப் பார்க்கல" என்றீர்கள்.

எத்தனையோ பேர் சான்றிதழ் வாங்கி இந்த வார்டுக்கு வந்திருக்கிறார்கள். ஒல்லி சிஸ்டர் சட்டம் போட்டு மாட்டாத சான்றிதழ் அதுதான். அதனால்தான் இன்று நீங்கள் போகிறீர்கள் என்பது எங்களுக்கு வருத்தமாக இருக்கிறதே தவிர, பயமாக இல்லை.

போய் வாருங்கள் அக்கா! சர்க்கரை அளவோடும் சிரிப்பு அளவில்லாமலும் நெடுநாள் நலமாக வாழுங்கள்! முதுகுக்குத் தோதான தலையணையும், குதிகாலுக்கு நோகாத நடையும், நடுவில் விழிக்காத உறக்கமும் உங்களுக்கு வாய்க்கட்டும்! கண்டக்டர் மாமாவின் பேருந்தில் இனி நீங்கள் ஜன்னலோரமாக உட்கார்ந்து ஊர் ஊராகப் போகவேண்டும். அந்த ஜன்னலின் திரையை மட்டும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊரில், எந்தப் பெண் எந்தப் படுக்கையில் பயமில்லாமல் படுத்திருந்தாலும், அவள் கையில் ஒரு முனை இருக்கட்டும்!

நீங்கள் கடைசிவரை தாளை இழுக்கவில்லை என்றால் இந்த வரி வாசிக்கப்படும். வாசிக்கப்பட்டால், மீதி முனைகளையும் இதோ உங்கள் கையிலேயே தருகிறோம். சட்டமிட்டு மாட்டி வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து சுவரைப் பார்க்கும்படி திருப்பி மாட்டினாலும் நாங்கள் கோபிக்க மாட்டோம். எதிர் மாடியிலிருந்து யார் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

தெரிந்தாலும், ரேடியோ சொல்லாது.

போர்வையை இறக்குகிறோம்.

வணங்கி நிற்கும்,
பெண்கள் அறுவைச் சிகிச்சை வார்டின் பணியாளர்கள்
(கண்களைத் திறந்தபடி)